நிழற்படம் திருத்தப் பழகுதல்

விழா மலர் ஒன்று கைக்கு வந்ததும் பழைய மாணவர் முதலிற் புரட்டுவது தம் காலத்துக் குழுப்படம் உள்ள பக்கத்தையே. கட்டுரைகளைப் பின்னர்ப் படிப்பர். சிலர் படியாமலும் விடுவர். அத்தகைய குழுப்படங்களுள் இன்று எஞ்சியிருப்பன சிலவே. சுவரில் தொங்கியவற்றை ஈரமும் கறையானும் உண்டன. யாழ்ப்பாணத்து வீடுகளிற் பேணப்பட்டவற்றுட் பல, 1995 ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் நிகழ்ந்த பேரிடப்பெயர்வில் வீட்டோடு விடப்பட்டன. எஞ்சியவை மங்கியும், மஞ்சள் பாரித்தும், மூலை முறிந்தும் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றித் திருத்தித் தருவதற்கு இக்காலத்து மாணவர் பலர் ஆர்வத்தோடு முன்வருகின்றனர். ஆர்வம் நன்று, ஆயினும் முறையறியாத ஆர்வத்தினால் எஞ்சிய முகங்களும் அழிதல் கூடும். ஆதலின், மென்பொருள் கொண்டு நிழற்படம் திருத்துதலின் தொடக்கப் பாடங்களை, பழைய குழுப்படம் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இக்கலையைக் கற்கப் புகும் மாணவன் வழக்கமாகக் கருவிகளிலிருந்தே தொடங்குகின்றான். திரையின் ஓரத்தே நிரையாய் நிற்கும் தூரிகை, கத்தரிக்கோல், அழிப்பான் முதலிய சின்னங்கள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்கின்றான். அரைமணி நேரத்துள் அதிபரின் தலைப்பாகைக்கு நிறம் மாறிவிடுகின்றது, நண்பர் நகைக்கின்றனர், படமோ முன்னையிலும் கெட்டுவிடுகின்றது. கருவிகளை ஆறுதலாகக் கற்கலாம். கருவி தொடுகின்ற பொருள் யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

கணினியைப் பொறுத்தவரையில் படம் என்பது எண்களால் நிரம்பிய ஓர் அட்டவணை. சதுரக்கோட்டுத் தாளை நினைந்து கொள்க. அதன் ஒவ்வொரு சிறு கட்டமும் பிக்சல் எனப்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255, இடைப்பட்ட சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட எண்கள். நிறப்படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றுக்கும் தனித்தனி எண். 256 ஐ மும்முறை வைத்துப் பெருக்கினால் வரும் 16,777,216 நிறங்களை இவ்வாறு குறிக்கலாம். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தேசிய நியமங்கள் பணியகத்திற் பணியாற்றிய றசல் கேர்ஷ் என்பார், தம் கைக்குழந்தையின் நிழற்படத்தைச் சுழலும் உருளையொன்றில் வைத்து, முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றினார். அகலத்துக்கு 176, உயரத்துக்கு 176 என அதில் இருந்த கட்டங்கள் 30,976 மாத்திரமே. இன்றைய கைத்தொலைபேசி ஒரு சொடுக்கில் கோடிக்கு மேற்பட்ட கட்டங்களைப் பதிவு செய்கின்றது. அளவு வளர்ந்ததேயன்றி அடிப்படை மாறவில்லை. படத்தை ஒளியூட்டுதல், கருமையாக்குதல், கூர்மையாக்குதல் எனப்படுவன யாவும் அந்த எண்கள்மீது செய்யப்படும் கணக்குகளே. கூட்டலும் பெருக்கலும் அறிந்த ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் இது விளங்கும். விளங்கிய பின் மென்பொருளின் பெயர் பற்றிய அச்சம் நீங்கும்.

பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லி அப்பாற் செல்வோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தோமஸ் நோல் 1987 இல் எழுதத் தொடங்கி, தம் உடன்பிறந்தார் ஜோன் நோல் துணையோடு வளர்த்த செயலியே, அடோபி நிறுவனத்தின் வாயிலாக 1990 மாசியில் போட்டோஷொப் என்னும் பெயரோடு வெளிவந்தது. அதனை இன்று சந்தா செலுத்தியே பயன்படுத்தல் வேண்டும். பேர்க்லியிற் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மாற்றிஸ் என்னும் இரு மாணவர் 1995 இல் தொடங்கிய கிம்ப் என்பது எவர்க்கும் இலவசமாய்க் கிடைப்பது. பழகுவோர்க்குக் கிம்ப் போதும் என்பதே எம் கருத்து. விலை கொடாமற் களவுப் பிரதி தேடி, அதனோடு கணினிக்கு நோயையும் தேடிக்கொள்வோரைப் பார்த்திருக்கின்றோம். இனி இங்கே கூறுவன இரண்டுக்கும் பொருந்தும்.

திருத்தத்தின் பாதி, படத்தைக் கணினிக்குள் ஏற்றும்போதே முடிந்துவிடுகின்றது. பழைய குழுப்படம் பெரும்பாலும் தடித்த மட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். அடியிற் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதன் அகலம் 12 அங்குலம், உயரம் 10 அங்குலம் எனக் கொள்வோம். அறுபது பேர் நிற்கும் அப்படத்தில் ஒரு முகத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் இருக்கும். ஸ்கானரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்தால் அம்முகத்துக்கு 236 கட்டங்கள் கிடைக்கும். கண்ணின் இமையும் மீசையின் கோடும் அதில் தெரியும். அதே படத்தைக் கைத்தொலைபேசியாற் பிடித்து, செய்திச் செயலி வழியாக அனுப்பி, அகலம் 1,600 கட்டமாகச் சுருங்கி வந்ததாயின், அம்முகத்துக்குக் கிடைப்பன 52 கட்டங்கள் மாத்திரமே. 236 இல் இருந்து 52 ஆக்கலாம். 52 இல் இருந்து 236 ஐ மீட்கும் வழி எந்த மென்பொருளிலும் இல்லை. இடைவெளியை ஊகித்து நிரப்பும் வழிகளே உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

படம் கறுப்பு வெள்ளையேயாயினும், ஸ்கான் செய்யும்போது நிறப்படமாகவே எடுத்தல் வேண்டும். இதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. காலத்தால் ஏறிய மஞ்சளும் தேநீர்க் கறையும் நீல ஒளியை மிகுதியாக விழுங்குவன. சிவப்பு ஒளியை அதிகம் தடுப்பதில்லை. ஆகவே, ஏற்றிய படத்தின் மூன்று வரிசைகளையும் பிரித்துப் பார்த்தால், நீல வரிசையிற் கறை பூதாகாரமாய்த் தெரியும். சிவப்பு வரிசையில் அது பெரும்பாலும் மறைந்திருக்கும். சிவப்பு வரிசையை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக்கினால், மணிக்கணக்காகத் தூரிகை பிடித்து அழிக்க வேண்டிய கறை ஒரே செயலில் நீங்குவதுண்டு. இன்னொன்றும் கூறல் வேண்டும்: சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயலலாகாது, முகங்கள் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்க.

எடுத்த கோப்பை டிஃப் என்னும் வகையிற் சேமித்து, அதனை ஒருபோதும் தொடாது வைத்து, பிரதியொன்றில் வேலை தொடங்குக. 1992 இல் நியமமாக்கப்பட்ட ஜேபெக் வகை, படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வகுத்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுணுக்கங்களைக் கைவிட்டுச் சுருக்குவது. அனுப்புவதற்கு அது நன்று. திறந்து, திருத்தி, மீண்டும் சேமிக்குந்தோறும் மேலும் சிறிது கைவிடுமாதலின், வேலைக்கு உதவாது.

பிரதியிலும் நேரே எழுதுதல் கூடாது. புவியியல் வகுப்பில் தேசப்படத்தின்மேல் ஊடுதெரியும் மெல்லிய தாளை விரித்து, ஆறுகளை அத்தாளில் வரைவோமன்றோ? பிழைத்தால் தாள் போகும், தேசப்படம் போகாது. மென்பொருளிலுள்ள படை என்பது அத்தகைய தாளே. மூலம் அடியிற் கிடக்க, ஒளித்திருத்தத்துக்கு ஒரு படை, கீறல்களை நிரப்ப ஒரு படை என ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துச் செல்லல் வேண்டும். எந்தப் படையையும் மறைத்து, முன்னிருந்த நிலையைப் பார்க்கலாம். போட்டோஷொப் செயலிக்கே 1994 இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இவ்வசதி வாய்த்தது. கிம்ப் செயலியில், 2025 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, ஒளித்திருத்தங்களையும் படத்தோடு கலவாமற் பிரித்தே வைத்திருக்கலாம்.

இனி ஒளிநிலைக்கு வருவோம். பழகுவோர் மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் இப்பகுதியை மறத்தலாகாது. மென்பொருளில் லெவல்ஸ் என்னும் கருவியைத் திறந்தால், மலைத்தொடர் போன்ற வரைபடமொன்று தோன்றும். அது நம் மாணவர் கணித வகுப்பிற் படிக்கும் வலையுருவரையமே. கிடையச்சில் 0 முதல் 255 வரையான ஒளியெண்கள். நிலைக்குத்தில், அவ்வெண்ணைக் கொண்ட கட்டங்கள் எத்தனை என்னும் தொகை. மங்கிய படமொன்றில் மலைத்தொடர் முழுவதும் நடுவிலே குறுகிக் கிடக்கும். 90 இல் தொடங்கி 200 இல் முடிகின்றது என வைத்துக்கொள்வோம். கறுப்பாயிருக்க வேண்டிய கோட்டு 90 ஆகச் சாம்பல் பூத்திருக்கின்றது. வெள்ளையாயிருக்க வேண்டிய வேட்டி 200 ஆக அழுக்கேறியிருக்கின்றது. வரைபடத்தின் அடியிலுள்ள கறுப்பு முக்கோணத்தை 90 க்கும், வெள்ளை முக்கோணத்தை 200 க்கும் நகர்த்துக. கணினி ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 90 ஐக் கழித்து, 110 ஆல் வகுத்து, 255 ஆற் பெருக்குகின்றது. 90 ஆனது 0 ஆகும். 200 ஆனது 255 ஆகும். நடுவிலிருந்த 145 ஏறத்தாழ 128 ஆகும். பனிமூட்டம் விலகியதுபோற் படம் எழுந்து நிற்கும். முதன்முறை இதனைக் காணும் மாணவனின் முகமும் அவ்வாறே மலரும்.

இவ்விடத்தே இரு எச்சரிக்கைகள் உள. இருந்த 111 ஒளிநிலைகளை 256 இடங்களுக்குப் பரப்பினோமாதலின், திருத்திய பின் வரைபடம் சீப்புப்போல் இடையிடையே பல்லிழந்து தோன்றும். வானமும் சுவரும் படிப்படியாகப் பிரிந்து தெரிவது இதனாலேயே. ஸ்கான் செய்யும்போது 8 பிற்றுக்குப் பதிலாக 16 பிற்று எனத் தெரிந்தால், நிலைகள் 256 ஆக இராமல் 65,536 ஆக இருக்கும். பரப்பினாலும் பல் விழாது. இரண்டாவது, பேராசை. வெள்ளை முக்கோணத்தை 200 இல் நிறுத்தாது 170 க்கு இழுத்தால் படம் இன்னும் பளிச்சிடும். ஆனால் 170 முதல் 200 வரை இருந்தவை யாவும் ஒரே 255 ஆகிவிடும். சால்வையின் மடிப்புகள், வேட்டியின் கரை, நரைத்த தலைமயிர் யாவும் வெற்றுத்தாளாக மாறும். வெளியூர் நண்பர் அனுப்பும் "துலக்கிய" படங்களிற் பெரியவர்கள் கழுத்துக்குக் கீழே வெண்சுதை பூசியவர்போல் இருப்பதன் காரணம் இதுவே.

நம் குழுப்படங்களுக்குத் தனித்ததொரு சிக்கலும் உண்டு. நண்பகல் வெயிலில், வெள்ளை உடுத்து, கரிய மேனியர் அறுபது பேர் நிற்கின்றனர். உடைக்கு ஒளி சரியாயின் முகம் இருண்டுவிடும். முகத்துக்குச் சரியாயின் உடை வெளிறிவிடும். படம் முழுவதையும் ஒரே அளவில் ஒளியூட்டுங் கருவி இங்குப் பயன்படாது. கேர்வ்ஸ் என்னும் வளைகோட்டுக் கருவியை எடுக்க வேண்டும். அதில் மூலையிலிருந்து மூலைக்குச் செல்லும் நேர்கோடொன்று உண்டு. முகங்கள் இருக்கும் கீழ்ப்பகுதியைச் சற்றே உயர்த்தி, உடைகள் இருக்கும் மேற்பகுதியை ஒரு புள்ளியிட்டு அசையாமற் பிடித்தால், முகங்களின் விபரம் வெளிப்படும்; மடிப்புகளும் நிலைக்கும். சற்றே என்ற சொல்லை அழுத்திச் சொல்கின்றோம். விபரம் வெளிப்பட்டவுடன் நிறுத்துதல் வேண்டும். மேலும் உயர்த்துவது மேனியின் நிறத்தை மாற்றுவதாகும். பழைய படப்பிடிப்பு நிலையங்களில் நெகட்டிவின்மேற் கூரிய பென்சிலாற் தீட்டி, முகச்சுருக்கங்களை மறைத்துச் சிவலையாக்கித் தந்த வழக்கம் இருந்தது. நெகட்டிவிற் கருமை ஏறிய இடம் அச்சில் வெளிறும். இன்றைய அழகூட்டும் செயலிகள் அதனையே கேளாமற் செய்கின்றன. ஒளியெண்ணை மாற்றுதல் வெறும் அழகு பற்றியதன்று என்பதற்கு, 1994 ஆனியில் அமெரிக்காவில் நடந்தது நல்ல சான்று. கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சனின் ஒரே படத்தை இரு வார இதழ்கள் அட்டையில் இட்டன. நியூஸ்வீக் அதனை உள்ளவாறே இட்டது. டைம் இதழில் அவர் முகம் கருமையாக்கப்பட்டிருந்தது. பெருங் கண்டனம் எழுந்தது. அங்கே எவரும் சேர்க்கப்படவுமில்லை, நீக்கப்படவுமில்லை. மாறியவை ஒளியெண்கள் மாத்திரமே.

கீறல்களும் துகள்களும் அடுத்தவை. அண்டையிலுள்ள நல்ல பகுதியைப் பிரதியெடுத்துப் பழுதின்மேல் ஒட்டும் குளோன் தூரிகையும், ஒட்டியதை அயலின் ஒளியோடு இசையச் செய்யும் ஹீலிங் தூரிகையும் இதற்கு உள்ளன. வானம், சுவர், புல்தரை ஆகியவற்றில் ஓடும் கீறலை நிரப்புவது இலகு. தூரிகையைச் சிறிதாக வைத்து, பிரதியெடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுக. இல்லையேல் ஒரே புல்தட்டு வரிசையாக முளைத்துக் காட்டிக்கொடுக்கும்.

கீறல் முகத்தின்மேல் ஓடும்போதே மெய்யான சோதனை வருகின்றது. கன்னத்தின் குறுக்கே மயிரிழை போன்ற கோடாயின், இருமருங்கும் உள்ளதைக் கொண்டு நிரப்பலாம். அங்கே என்ன இருந்ததென்பதற்குப் படமே சாட்சி. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒருவரின் இடக்கண்ணும் மூக்கும் இருந்த இடத்தைக் கறையான் அரித்துவிட்டது. வலக்கண்ணைப் பிரதியெடுத்துப் புரட்டி ஒட்டினால் முகம் முழுமையாகத் தோன்றும். மென்பொருளுக்கு அதனாற் குறையில்லை. அம்மனிதரின் மக்களுக்கோ, தந்தையின் படமென்று நாம் கையளிப்பது ஒருபோதும் இருந்திராத முகம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிய பின் இச்சோதனை பன்மடங்காகிவிட்டது. மங்கிய முகத்தைக் கொடுத்தால் நொடிப்பொழுதில் தெளிந்த முகத்தைத் தருகின்றன. அவை எவ்வாறு தருகின்றன என்பதை உணர்தல் வேண்டும். இலட்சக்கணக்கான வேற்றவர் முகங்களிற் பயின்று, இம்மங்கலுக்கு ஒத்த முகம் எப்படியிருத்தல் கூடும் என ஊகித்து வரைகின்றன. 2020 இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பல்ஸ் என்னும் செயலிக்கு, பராக் ஒபாமாவின் மங்கிய சிறுபடமொன்றை ஒருவர் கொடுத்துப் பார்த்தார். அது வெள்ளையர் ஒருவரின் தெளிந்த முகத்தைத் தந்தது. உலகமறிந்த முகமாதலின் பிழை பிடிபட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் விடுதியில் வாழ்ந்த மாணவனின் முகம் மாறினால் யார் பிடிப்பார்? அவரை அறிந்தோருள் இன்று இருப்பவர் ஒருவரோ இருவரோ. அவர்தம் பார்வையும் மங்கிவிட்டது. தெளிந்த பொய்முகம் மலரில் அச்சேறிய பின், மங்கிய மெய்முகத்தை எவரும் தேடார். ஆகவே குழுப்படங்களில் முகங்களை இக்கருவிகளிடம் ஒப்படைத்தலாகாது என்பதில் நாம் உறுதியாயிருக்கின்றோம். அரித்துப்போன இடம் அரித்துப்போனதாகவே, ஒருசீரான சாம்பல் நிறத்தில், இருக்கட்டும்.

நிறமூட்டுதலுக்கும் இதுவே விடை. முன்னைய படச்சுருள்களுட் பல சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றிற் சிவந்த துணியும் குங்குமமும் கறுப்பாகப் பதியும். இளநீலம் ஏறக்குறைய வெண்மையாகப் பதியும். அச்சிலுள்ள சாம்பல் நிறத்தைப் பார்த்துக் கழுத்துப்பட்டி நீலமா வெள்ளையா என்று சொல்ல மனிதராலும் இயலாது, கணினியாலும் இயலாது. பொழுதுபோக்காக நிறமூட்டி வீட்டில் மாட்டுவோரை நாம் தடுக்கவில்லை. மலரிலும் ஆவணத்திலும் அது வேண்டா.

இவையெல்லாம் கணினியோடு பிறந்த தீமைகளென எவரும் எண்ணற்க. ஸ்ராலினோடு கால்வாய்க் கரையில் நடந்த நிக்கொலாய் யெசோவ், 1940 இற் கொல்லப்பட்ட பின், அப்படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். கத்தியும் மையுமே அக்காலத்துக் கருவிகள். 1982 மாசியில், போட்டோஷொப் தோன்றுமுன்னரே, நேஷனல் ஜியோகிரபிக் இதழ் தன் நெடிய அட்டைக்கு அடங்கும்படி கீசாவின் பிரமிட்டுகளை நெருக்கி வைத்தது. அன்று அரசுகளும் பெரும் பதிப்பகங்களும் செய்ததை இன்று பத்தாம் வகுப்பு மாணவன் பேருந்தில் அமர்ந்தே செய்யலாம் என்பதுதான் வேறுபாடு.

வேலை முடிந்ததும் படைகளோடு கூடிய கோப்பை ஒன்றாகவும், அச்சகத்துக்கு அனுப்பும் தட்டையான பிரதியை வேறாகவும் சேமிக்க. கோப்பின் பெயரில் ஆண்டும் குழுவின் பெயரும் இருத்தல் வேண்டும். "புதியது", "மிகப் புதியது", "இறுதி இரண்டு" என்னும் பெயர்கள் அடுத்த ஆண்டில் உரியவருக்கே விளங்கா. மட்டையின் அடியில் அச்சான பெயர்களை வெட்டியெறியாது, அப்பகுதியையும் ஸ்கான் செய்து, வரிசை வரிசையாக இடமிருந்து வலம் தமிழிற் தட்டச்சிட்டு, கோப்பினுள்ளேயே உள்ள விபரப் பகுதியிற் பதிக. பெயர் தெரியாதவருக்குப் பெயர் அறியப்படவில்லை என்றே எழுதுக. ஒளி சரிசெய்யப்பட்டது, வலப்பக்க வெடிப்பு நிரப்பப்பட்டது என ஒரு வரியும் சேர்க்க. பின்னர் மூலக் கோப்பை இரு வேறு இடங்களில் வைத்து, காகிதப் படத்தை அமிலமற்ற தாளுறையிலிட்டு, உரியவர் வீட்டுக்கு அன்றைய தினமே திருப்பிக் கொடுத்துவிடுக.